பாலில்லாத பாலாடை

என் வீட்டுக்காரர் சாதிக் பாட்சா குவைத்தில் பதினோரு வருஷமாகக் குடோன் சூப்பர்வைசர். அந்தப் பதினோரு வருஷத்தில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்த நாட்களை ஒட்டுப்போட்டுத் தைத்தாலும் ஒரு வருஷம் தேறாது. லீவில் வந்தால் முதல் வாரம் என் மாமியார் மெஹர் பானு மகனுக்கு விதவிதமாக ஆக்கிப் போடுவார், கடைசி வாரம் பெட்டி கட்டுவார். நடுவில் மிஞ்சுகிற நாட்களில் உறவுக்காரர்கள் வந்து சென்ட் பாட்டில் கேட்பார்கள். எனக்கென்று மிஞ்சுவது அவருடைய குறட்டைதான்.

இந்த முறை வந்த மூன்றாம் நாளே, நான் கேட்காமலேயே, "இங்கேயே ஒரு வழி கெடைச்சா நான் திரும்பிப் போகலை புள்ள" என்றார். விசா முடிய ஐந்து வாரம் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகளிலேயே எனக்கு இனித்தது அதுதான். அன்றே வழி தேட ஆரம்பித்தேன். சமோசா, கட்லெட் என்று வீட்டிலிருந்தே செய்து கொடுக்கிறவள் நான், நாலு கடைக்காரர்களைத் தெரியும். ஆனால் தேடிய வழி கறி தின்னாத ஒரு மனிதரின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் என்று யார் கண்டார்கள்?

அவர் பெயர் செல்வின். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா. செல்வின் ஏழு வயதில் பாரீஸ் போய், ஐம்பத்திரண்டு வயதில் தலையில் ஒரு குடுமியோடும் மனதில் ஒரு கொள்கையோடும் காரைக்காலுக்குத் திரும்பினார். உயிருள்ள எதனிடமிருந்தும் எதையும் பிடுங்கித் தின்னக் கூடாது என்பது கொள்கை. பால் கன்றுக்குட்டியுடையது, தேன் தேனீயுடையது, முட்டை கோழியின் சொந்த விஷயம். கடற்கரைச் சாலையில் அப்பா கட்டிய வீட்டை 'துளிர்' என்று பெயர் வைத்து விருந்தினர் விடுதியாக மாற்றினார். வீட்டைத் தம்பிகளிடமிருந்து பிடுங்கிவிட்டார் என்று ஊரில் பேச்சு. தம்பிகள் உயிருள்ளவர்கள் பட்டியலில் வரவில்லை போலிருக்கிறது.

விடுதி திறப்பதற்கு முன்பே காரைக்கால்மேட்டிலிருந்து மீன் வாடை வருகிறது என்று மீனவப் பஞ்சாயத்தாரிடம் போய்ப் பேசினார். அவர்கள் டீ வாங்கிக் கொடுத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டு, காற்றிடம் பேசச் சொல்லி அனுப்பினார்கள். டீயையும் அவர் குடிக்கவில்லை, பால் கலந்திருந்ததாம்.

ஒரு கடைக்காரர் சொல்லி நான் போனபோது அவருக்கு ஒன்று வேண்டியிருந்தது. ரொட்டியில் தடவ, கேரட்டை முக்கித் தின்ன, பாலே இல்லாமல் பாலாடை மாதிரி ஒன்று. நம்ம ஊர்ப் பயறும் நம்ம ஊர்ப் பழமும் சேர்ந்திருக்க வேண்டும். அதற்குப் பெயர் டிப்.

"தொவையல்தானே சார்?" என்றேன்.

"இல்லை மதாம். துவையல் சோத்துக்குத் துணை. டிப் ஒரு அனுபவம்" என்றார்.

சரி, அனுபவம் என்றே வைத்துக்கொள்வோம் என்று நானும் தலையாட்டினேன். அது சரியாக வந்தால் விடுதிக்கு மட்டுமில்லை, பாட்டிலில் அடைத்துப் புதுச்சேரிக் கடைகளுக்கும் அனுப்பலாம், சரக்கைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் ஒருவர் வேண்டும் என்றார். பதினோரு வருஷம் குவைத்தில் சரக்கு பார்த்தவர் என் வீட்டில் லுங்கியோடு படுத்திருக்கிறார் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அவரையே எடுத்துக்கொள்வதாகச் செல்வின் வாக்குக் கொடுத்தார்.

மாங்கனித் திருவிழா வாரம் அது. மாம்பழம் வாங்குகிறவர்களைவிட சாமி ஊர்வலத்துக்கு மாடியிலிருந்து வீசுகிறவர்கள் அதிகம். அதனால் பழம் மாம்பழம் என்று முடிவானது. பயறுக்கு மொச்சை. மொச்சையை முதல்நாளே ஊறப்போட்டு, ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை எடுக்க வேண்டும். ஒரு கிலோ பிதுக்கி முடிப்பதற்குள் கட்டைவிரல் நம்முடையதுதானா என்று சந்தேகம் வந்துவிடும். பிறகு வேகவைத்து, வறுத்த வெள்ளை எள்ளோடு அரைத்து, கொஞ்சம் புளிப்பு மிச்சமிருக்கிற ருமானி மாம்பழத்தைச் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, பச்சைமிளகாயும் சீரகத்தூளும் நல்லெண்ணெயும் விட்டு மறுபடி அரைக்க வேண்டும். பார்க்க வெண்ணெய் மாதிரிதான் வந்தது. வாயில் வைத்தால் சுவருக்குப் பூசுகிற பட்டியைத் தின்ற மாதிரி இருந்தது.

என் மாமியார் ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டு, "வீட்ல யாருக்கு ஒடம்பு சரியில்லை?" என்று கேட்டார். கறியும் இல்லாமல் நெய்யும் இல்லாமல் எங்கள் வீட்டில் எதையாவது ஆக்கினால் அது காய்ச்சல்காரருக்குத்தான்.

செல்வின் கண்ணை மூடிக்கொண்டு ருசி பார்த்தார். "மொச்சை பேசுது மதாம். ஆனா பாடலை" என்றார். இரண்டாவது முறை எள்ளை அதிகமாகப் போட்டுக்கொண்டு போனேன். "பாட வருது. ஆனா கூச்சப்படுது" என்றார். மொச்சைக்கு ஆர்மோனியம்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று வாய்வரை வந்ததை முழுங்கிக்கொண்டேன். எனக்குத் தேவை இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாரீஸிலிருந்து அவருடைய கொள்கைக்காரர்கள் நாலு பேர் வருகிறார்கள், அன்றைக்கு அவர்கள் நன்றாயிருக்கிறது என்றால் சரி, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார்.

அப்போதுதான் அல்லா பிச்சை மாமா நுழைந்தார். மாமா என் மாமியாரின் தம்பி, கல்யாணச் சாப்பாடு ஆக்குகிற பண்டாரி. நாலு பேர் ஒரு தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற சஹன் சாப்பாட்டில் இருநூறு சஹனானாலும் அசராமல் ஆக்குவார். அவர் ஆக்குகிற தால்ச்சாப் பருப்புக்குழம்புக்காக மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் சண்டையைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று தள்ளிவைத்த கதைகள் உண்டு.

"மொச்சையை என்கிட்ட குடு" என்றார் மாமா. "குக்கர்ல மூணு விசில் விட்டா மொச்சை எப்படி வேவும்? பயந்துபோயி வேவும். வெறகடுப்புல வெச்சு நான் வேகவெச்சுத் தாறேன்."

"மாமா, கறி, பாலு, முட்டை, நெய்யி, தேனு, ஒண்ணும் கூடாது" என்று ஐந்து விரலையும் மடக்கிக் காட்டினேன்.

"மொச்சைக்கு எதுக்கு இதெல்லாம்? எனக்குத் தெரியாதா?" என்று கோபித்துக்கொண்டு பிதுக்கிய மொச்சையை வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தூக்குவாளியில் கொண்டுவந்து வைத்தார். மொச்சை குழையாமலே கரைந்திருந்தது. எள்ளும் மாம்பழமும் போட்டு அரைத்து ஒரு வாய் வைத்தேன். ஆஹா என்றிருந்தது. என் வீட்டுக்காரரும் ஒரு வாய் தின்றுவிட்டு, "இதுதான் புள்ள மொச்சை!" என்றார். மாமியார் இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று கிண்ணத்தை நீட்டினார். எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

துளிரில் அன்று சாயங்காலம் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பாரீஸ்காரர்கள் முதலில் கேரட்டை முக்கினார்கள், பிறகு ரொட்டியை, பிறகு ஒரு வெள்ளைக்கார அம்மா விரலையே விட்டுக் கிண்ணத்தை வழித்தார். செல்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாடுது மதாம்! எட்டு வருஷமா இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். தாவரத்தோட ஆன்மா இதுலதான் இருக்கு" என்று என் இரண்டு கையையும் பிடிக்க வந்து, நான் பின்வாங்கியதும், தன் கையையே பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை கையெழுத்து என்றார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். போய்ப் பெட்டியைத் திறந்து, பாதி அடுக்கியிருந்த சட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக பீரோவில் மாட்டினார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்தன்று கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை. திங்கட்கிழமை கையெழுத்தானதும் கம்பெனிக்கு வரவில்லை என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

மறுநாள் காலை மாமாவிடம் பக்குவம் கேட்கப் போனேன். இனி தினமும் நான்தானே வேகவைக்க வேண்டும். மாமா கொல்லையில் பிரியாணி ஆக்கும் தேக்சாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பக்குவம் என்ன பக்குவம். இஞ்சியும் பட்டையும் தட்டிப் போட்டு, நல்லி எலும்பு நாலு, நெஞ்செலும்பு ஒரு கை. அந்தத் தண்ணியில மொச்சை வேகணும். அப்புறம் எலும்பை எடுத்துரணும்" என்றார், தேய்ப்பதை நிறுத்தாமலே.

"மாமா, கறி கூடாதுன்னு சொன்னேனே!"

"கறி எங்கே போட்டேன்? எலும்புதானே?"

"எலும்பு கறியில்லையா?"

மாமா என்னைப் பாவமாகப் பார்த்தார். "ஏம்மா, இத்தனை கல்யாணம் பாத்திருக்கே. சஹன்ல கறியை எண்ணி வெப்போம், தால்ச்சா எலும்பை யாராச்சும் எண்ணுவாங்களா? கறி போதலைன்னு சம்பந்தி சண்டைக்கு வந்தா, எலும்பு போட்டேனேன்னு சொல்ல முடியுமா? அது கறியில சேர்த்தியில்லை. பருப்பு வேகுறதுக்கு உள்ளதும்மா அது. தண்ணியில பருப்பு வேகவெக்கறது ஆஸ்பத்திரியில."

இதில் மாமாவை மட்டும் சொல்லி என்ன பயன்? மூன்று பேர் ருசி பார்த்தோமே, ஒருவருக்காவது தெரிந்ததா? பிறந்ததிலிருந்து எங்கள் வீடுகளில் பருப்பு அந்த ருசியில்தான் இருக்கிறது. பருப்பின் சொந்த ருசியே அதுதான் என்று நாற்பது வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தவள் நான். எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது, அதை மாமாமேல் கொட்டினேன்.

"மாமா, மெட்ராஸ் போற வழியில ஏதோ மோட்டல்ல சால்னா சாப்புட்டுட்டு, ஹலால் கறி இல்லைன்னு அப்புறம் தெரிஞ்சு, என்ன பண்ணுனீங்க?"

மாமா தேய்ப்பதை நிறுத்தினார். அவர் ரோட்டோரம் விரலை விட்டு வாந்தியெடுத்து, வீட்டுக்கு வந்து மூன்று நாள் நோன்பு வைத்தது எங்கள் குடும்பத்துக்கே தெரியும்.

"அந்தக் கடைக்காரன், எங்க வீட்ல பேரு சொல்லாத அந்தப் பிராணியோட எலும்பைப் போட்டு வேகவெச்சு, எலும்பை எடுத்துட்டேன் பாய், கறி இல்லைன்னு சொல்லியிருந்தா?"

"நிறுத்து" என்றார் மாமா. "அந்தாளுக்கு அது அப்படியா?"

"அப்படித்தான்."

"தௌபா, தௌபா" என்று தேய்த்த தேக்சாவின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். எழுந்து போய்க் காற்றாடியின் ஸ்விட்சைத் தட்டினார். பிறகு, "யாருக்குத் தெரியும்? எலும்பைத்தான் எடுத்தாச்சுல்ல" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஒரு கடையில் மீதி சில்லறை கூட வந்தால் திரும்பிப்போய்க் கொடுத்துவிட்டு வருகிறவர். எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் சொன்னதைத்தான் நானும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சட்டைகள் தொங்கின. அந்த ஒரு நாள் முழுக்க நான் நல்லவளாக இருக்கவில்லை, அதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகை முடிந்து மாமா வண்டியோடு வாசலில் வந்து நின்றார். "ஏறு. நேத்துலேர்ந்து சோறு எறங்கலை எனக்கு" என்றார். ஏறினேன். அவர் வந்திருக்காவிட்டால் நான் போயிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாரீஸ்காரர்கள் கடலைப் பார்க்கப் போயிருந்தார்கள். செல்வின் மட்டும் வராந்தாவில் உட்கார்ந்து, மிச்சமிருந்த டிப்பைக் கரண்டியால் வெறுமனே தின்றுகொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். மாமா தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாம செஞ்சுட்டேங்க. நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்" என்றார்.

செல்வின் கரண்டியைக் கீழே வைத்தார். அடிக்கப் போகிறார், போலீஸுக்குப் போகப்போகிறார், வாந்தியெடுக்கப் போகிறார் என்று நான் ஒவ்வொன்றாக எதிர்பார்த்தேன்.

"என்ன எலும்பு?" என்று கேட்டார் மெதுவாக.

"நல்லிங்க. கொஞ்சம் நெஞ்செலும்பு" என்றார் மாமா.

"நல்லி" என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லைங்க."

"சொல்லாதீங்க. இதையே அனுப்புங்க."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று மாமாவைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்த்தார்.

"சார், இதுல ஆடு இருக்கு" என்றேன்.

"ஆடு இல்லையே மதாம். ஆட்டோட ஞாபகம்தான் இருக்கு" என்றார் செல்வின். பிறகு கொஞ்சம் யோசித்து, இன்னும் நல்ல காரணம் ஒன்றைக் கண்டுபிடித்தார். "ஆடு என்ன தின்னுது? தழைதானே? யோசிச்சுப் பார்த்தா எல்லாமே தாவரம்தான். வொலா!"

"அப்ப பாட்டில்மேல என்ன சார் போடுவீங்க?"

"சைவம்னு பச்சை இலைதான். வேற என்ன?"

திங்கட்கிழமைக் கையெழுத்துக்கான பத்திரம் அங்கே மேஜைமேலேயே தயாராக இருந்தது. என் வீட்டுக்காரர் பெயரை அழகாக டைப் அடித்திருந்தார்கள். இப்போது நான் யாரையும் ஏமாற்றக்கூட வேண்டாம், ஏமாற வேண்டியவரே வேண்டி விரும்பிக் கேட்கிறார். தலையை ஆட்டினால் போதும். ஆனால் அந்தப் பாட்டிலை வாங்கித் தின்னப்போகிறவர்கள் இவரில்லையே. அவர்களில் யாராவது ஒருத்தர் மாமா மாதிரி ரோட்டோரம் உட்கார்ந்து விரலை விடுகிறவராக இருந்தால்?

"எலும்பு போட்டதுன்னு பாட்டில்ல எழுதித் தாறேன் சார். இல்லைன்னா எலும்பு இல்லாமப் பண்ணித் தாறேன்" என்றேன்.

செல்வின் முதல்முறையாகக் கொள்கை எதுவும் இல்லாமல், ஒரு வியாபாரியைப் போல நேராகப் பேசினார். "எலும்புன்னு எழுதினா யாரு வாங்குவாங்க மதாம்? எலும்பு இல்லாட்டி யாரு தின்பாங்க?"

மாமா எழுந்து நின்றார். "வாம்மா போவோம். கறி எண்ணுற சம்பந்தியைக் கூட சமாளிச்சுரலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, இரண்டு பேரும் சேர்ந்து செல்வினைத் திட்டி, ஒருவழியாக ஆறியிருக்கும். அவர், "சரியாத்தான் சொல்லியிருக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டு பீரோவைத் திறந்தார். மாமியார் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பெட்டியைத் துடைத்தார். மீதியிருந்த நாட்களில் நான் வேறு நாலு இடத்தில் ஏறி இறங்கினேன், ஒன்றும் அமையவில்லை. திருச்சி விமான நிலையத்துக்கு வேன் கிளம்பும்போது கையைக்கூட நான் சரியாக ஆட்டவில்லை. ஆட்டினால் அழுதுவிடுவேன் என்று பயம்.

துளிர் இப்போது அமோகமாக நடக்கிறது. அந்த மொச்சை டிப்புக்காகவே கார் போட்டுக்கொண்டு வருகிறார்களாம். பாட்டிலில் பச்சை இலை இருக்கிறது. நான் ஒன்று வாங்கி ருசி பார்த்தேன். யார் ஆக்குகிறார்கள் என்று தெரியவில்லை, ஆனால் அந்தப் பண்டாரி நல்லியில் கஞ்சத்தனம் பண்ணவில்லை. நான் துளிருக்கு வருகிற நாலைந்து பேரிடம் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தேன். கான்ட்ராக்ட் கிடைக்காத பொறாமையில் பேசுகிறேன் என்று சிரித்தார்கள். ஒரு அம்மா, இவ்வளவு பரிசுத்தமான ருசியை ஆட்டோடு சேர்த்துப் பேச எப்படி மனசு வந்தது என்று என்னையே கேட்டார்.

போன வெள்ளிக்கிழமை குவைத்திலிருந்து வீடியோவில் அவர் வந்தார். ரூமில் மற்றவர்கள் இல்லை போலிருக்கிறது, சத்தமே இல்லை. என்ன ஆக்கினாய், உம்மாவுக்கு முட்டிவலி எப்படி என்று வழக்கமானதெல்லாம் கேட்டு முடித்தார். பிறகு, "அன்னைக்கு அந்தாளுகிட்ட சரின்னு சொல்லியிருக்கலாம் புள்ள" என்றார்.

இதைச் சொல்ல அவருக்கு நாலு மாதம் ஆகியிருக்கிறது. முணுக்கென்றால் எரிந்து விழுகிறவள் நான், அன்று கோபமே வரவில்லை. "நானும் தினம் அதைத்தான் நெனைக்கிறேன் மச்சான்" என்றேன். "ஆனா இப்ப அந்தாளு வந்து கேட்டாலும் முடியாதுன்னுதான் சொல்லுவேன்."

"அது தெரியும்" என்றார் அவர். "அதான் இங்கே வந்து சேர்ந்தப்புறம் சொல்றேன். பக்கத்துல இருந்து சொல்லியிருந்தா கரண்டியாலயே போட்டிருப்பே."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகும் வெகுநேரம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.